முப்பத்தெட்டால் வகு

சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கு,
உயரத்தால் பெருக்கு,
முப்பத்தெட்டால் வகு.
மோகனூர் ரோட்டுத் தீவன ஆலையில்
குவியல் அளக்க இவ்வளவு போதும்.
மக்காச்சோளமோ, தவிடோ, கருவாட்டுத் தூளோ,
கொட்டினால் எல்லாமே கூம்புதான்.

கிளிஞ்சல் மட்டும் டேப்பை அறுக்கும்.
அதற்கென்று பழைய டேப் ஒன்று தனியாக,
பதினொன்றாம் அடி தேய்ந்துபோனது.

ஆவணியில் ஒரு போன்.
பேர் ஜெனோவா என்றாள், கடற்கரையிலிருந்து.
"இங்கே ஒரு மேடு இருந்தது.
மட்டி தின்றவர்கள்
தின்ற இடத்திலேயே போட்ட ஓடு.
எத்தனை தலைமுறை என்று எண்ணத் தொடங்கியிருந்தோம்.
போன வருடம் கயிறு கட்டி அளந்தோம்,
பன்னிரண்டு துளை போட்டு ஆழம் பார்த்தோம்.
இப்போது ஜேசிபி பல் பதிந்த மண்தான் இருக்கிறது.
லாரி உங்கள் பக்கம் வந்ததாமே?"

வந்ததுங்க என்றேன்.
மறைத்து என்ன செய்ய, ரிஜிஸ்டரில் கிடக்கிறது.
தையிலிருந்து இருபத்தொன்பது லோடு.

பலவேசம்தான் ஓட்டி வருவான்.
தார்ப்பாயை அவிழ்த்தால் எப்போதும் உப்பு மணக்கும்.
இந்தச் சரக்கில் அடுப்பு மணந்தது.
சலித்தால் கருஞ்சாம்பல்,
பானை விளிம்பு,
மீன் தலையில் இருக்குமே, அந்த வெள்ளைக் கல்.
லோடுக்கு ஒரு வரி எழுதினேன்:
கழிவு, நாற்பது கிலோ.
கழிவு, ஐம்பத்தாறு.
வாடகையில் பிடித்துக்கொண்டார் முதலாளி.

ஒரு குவியல் உயரம் ஆறடி, சுற்று நாற்பத்தெட்டரை.
நாலு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு.
இருபத்தொன்பதையும் கூட்டி
நூற்றுப் பத்து யூனிட் என்றேன்.
மறுமுனையில் கால்குலேட்டர் தட்டும் சத்தம்.
அவள் மேடு தொண்ணூற்றிரண்டுதான்.

இல்லாமல் போனபிறகு பெரிதாகியிருக்கிறது மேடு.

அன்று சோற்றுக்குப் போகவில்லை.
பத்து லிட்டர் டப்பாவில் கிளிஞ்சல் நிரப்பி,
தலையைத் தட்டிவிட்டு,
தண்ணீர் ஊற்றினேன்.
ஐந்தே முக்கால் லிட்டர் குடித்தது.
பாதிக்கு மேல் வெறும் சந்து.
பதினாறு வருடமாக நான் டேப் பிடித்ததெல்லாம்
காற்றையும் சேர்த்துத்தான்.
அங்கே சாம்பலும் மண்ணும் அந்தச் சந்தில் இறங்கி
ஓட்டோடு ஓடு நெருங்கி உட்கார்ந்திருக்கும்.
அள்ளியபோது உதறிவிட்டார்கள்.

"மிச்சம் எவ்வளவு?"
மிச்சம் இல்லீங்க.
நாலு லட்சம் கோழி, ஒன்றுக்கு நாளைக்கு நாலு கிராம்.
ஒரு லோடு எட்டு நாள்.
மாவரைத்து, மூட்டை கட்டி,
பண்ணைக்குப் போய்,
ராத்திரி கோழி வயிற்றில் ஓடாகி,
விடிந்தால் அட்டையில் முப்பது முப்பதாக ஏறிவிடும்.
கேரளா வண்டி ஒன்று, சத்துணவு வண்டி ஒன்று.
உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட
உரித்துப் போட்டிருக்கும்.
எங்கே போய் டேப் பிடிப்பேன்?

அவள் சிரிக்கவில்லை.
நானும் சிரிக்கச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்,
"கழிவு என்று எழுதினீர்களே, அது?"

எடைமேடைக்குப் பின்னால் ஒரு பள்ளம்.
மழை பெய்தால் லாரி சிக்கும்.
அதை மூட அதில்தான் கொட்டச் சொன்னேன்,
சாம்பல், பானை ஓடு, மீன் கல், எல்லாம்.
மேலே டயர் ஏறி ஏறி
இறுகிக் கிடக்கிறது.

சனிக்கிழமை வருகிறேன் என்றாள்,
அதுவரை வண்டி ஏற்ற வேண்டாம் என்றாள்.

நான்கு கல்லை நட்டு
தீவனச் சாக்குக் கயிறு கட்டிவிட்டேன்.
முதலாளி பார்த்துவிட்டு, "என்ன துளசிமணி, குலசாமியா?" என்றார்.
ஸ்டாக்குங்க என்றேன்.

எத்தனை அடி இருக்கும் என்று
சாயங்காலம் ஒரு தடவை நின்று பார்த்தேன்.
குழிக்கு என் கணக்கு ஆகாது.
கூம்புக்கு வெளியே நின்று சுற்றி வரலாம்.
குழிக்கு இறங்க வேண்டும்.