வேர்நூல் வீட்டுப் பற்றுவரவு

பாரீசில் அவர்கள் பெயர் வெர்னோல்.
தொண்டிக்கு வந்து சேர்வதற்குள்
காரைக்கால் துபாசியின் வாயில் ஒருமுறை
தோணித் தண்டையல் வாயில் ஒருமுறை
நனைந்து நனைந்து வேர்நூல் ஆயிற்று.
பொருத்தம்தான்.
நாங்கள் அனுப்புவது சாயவேர்,
அவர்கள் சிவப்பாக்குவது நூல்.

தம்பி நெய்னா மரைக்காயர் பண்டகசாலையில்
கணக்கெழுதும் ஆதிரெத்தினம் நான்.
அவர்களில் ஒருவரையும் பார்த்ததில்லை.
ஆனால் தெரியும்:
மூத்தவர் பாங்கியில்.
அடுத்தவர் மந்திரிசபையில்.
மூன்றாமவருக்கு நிலக்கரிச் சுரங்கம்,
தங்கையைக் கட்டியவர் தளபதி.
கடன் கொடுப்பது ஒரு கை
சட்டம் கொடுப்பது ஒரு கை
சாப்பிடுவது ஒரே வாய் என்று
துபாசி சொன்னபோது
மரைக்காயர் சிரிக்கவில்லை.
அரண்மனைக்குக் கடன் கொடுத்தவர் அவருடைய மாமா.
அந்தக் கையெழுத்துக்குச் சாட்சி அவருடைய மச்சான்.

கீலக வருஷம், ஆடி.
கச்சான் காற்று மணலை வாரி
மைக்கூட்டில் போட்டுக்கொண்டிருந்த நாளில்
ஆயிரத்திருநூற்று நாற்பது ரூபாய் உண்டியல்
செல்லாது என்று திரும்பி வந்தது.

மாசியில் அங்கே
தெருவில் பாவிய கல்லைப் பெயர்த்துச் சுவர் எழுப்பினார்களாம்.
ராஜா வண்டியேறிப் போய்விட்டாராம்.
மந்திரி வெர்னோல்
தோட்டக்காரன் சட்டையில் எல்லை தாண்டினாராம்.
பாங்கியின் கதவு சாத்தியிருக்கிறதாம்.
அங்கே பெயர்த்த கல்
தொண்டியில் வந்து விழ
ஐந்து மாதம்.

வாசலில் வேர்வெட்டிகள் முப்பத்தேழு பேர்.
சேதாயிதான் வாயைத் திறந்தாள்.
"ராசா ஓடுனா ஓடட்டும் சாமி,
நான் தோண்டுன வேரு எங்க ஓடுச்சு?"
கணக்கில் அந்தக் கேள்விக்குப் பத்தி இல்லை.
அவள் நகக்கண்களில் சிவப்பு இருந்தது.
பாரீசுக்குப் போகாமல் தங்கிவிட்ட சரக்கு.

ரூபாய்க்கு ஆறணா வீதம்
அக்யாப் நொய்யை அளந்து போடச் சொன்னார் மரைக்காயர்.
மீதிக்கு நேரே 'பின்னால்' என்று எழுதினேன்.
அந்தச் சொல்லுக்கு வட்டி கிடையாது.

உண்டியல் மட்டும் உயர்ந்த காகிதம்.
வெயிலில் பிடித்தால்
உள்ளுக்குள்ளே ஒரு திராட்சைக் குலை தெரியும்.
முதுகு வெற்று. வீணாக்குவானேன் என்று
நொய் வாங்கியவர்கள் பேரை அதில் எழுதினேன்.
சேதாயி கிழித்த கீறல்
மந்திரி வீட்டு முத்திரைக்கு நேர் பின்னால் விழுந்தது.
வேண்டுமென்று அந்த இடத்தை நான் காட்டவில்லை.
காட்டியும் இருக்கலாம்.

மறு ஐப்பசியில் மறுபடி கடிதம்.
வெர்னோல் சகோதரர்கள் நலம்.
சபையில் பழைய நாற்காலி,
இம்முறை குடியரசின் பெயரால்.
முத்திரையில் கிரீடம் இருந்த இடத்தை மட்டும்
யாரோ பொறுமையாகச் சுரண்டியிருந்தார்கள்.
பழைய பாக்கிக்கு ஒரு வரி வருத்தம்.
தொண்ணூறு நாள் தவணை இனி நூற்றெண்பது.
வேர் எவ்வளவு கிடைக்கும்?

மரைக்காயர் இரண்டு தரம் படிக்கச் சொன்னார்.
"நாணயமான குடும்பம்" என்றார்.
நாணயம் என்பது காசா, சொல்லா?
தமிழ் இரண்டையும் ஒரே பையில் போட்டு
முடிச்சிட்டு வைத்திருக்கிறது.

மழை விட்டிருந்தது. மணல் இளகியிருந்தது.
ஆளனுப்பினோம். சேதாயி வந்தாள்,
இடுப்பில் கொத்து, கூட இரண்டு மருமகள்கள்.
புதுப் பேரேட்டைப் பிரித்து
முன்பணம் எவ்வளவு என்று கேட்டேன்.

"அது கிடக்கட்டும்.
அந்தத் திராட்சைக் காயிதத்தை
மொதல்ல எடுங்க" என்றாள்.