டப்போவிலிருந்து சூரியனுக்கு

டப்போவில் பெட்ரோல் போட்டோம்.
ஊருக்குள்ளேயே புளூட்டோ,
பலகையில் ஒட்டிய எலுமிச்சை அளவு.
சூரியன் வெகு தொலைவில்,
மலைமேல் தொலைநோக்கியின் வெள்ளைக் குவிமாடம்.
நடுவில் இருப்பது சாலை.

எங்கள் புத்தகத்தில்
எட்டுக் கோளும் கோலிக்குண்டுகளாய்த்
தோளுரசி நிற்கின்றன.
கெங்காதரி வரைந்தாள். நான் எழுதினேன்:
"அடுத்து வருவது சனி."

அடுத்தாம்.

நெப்டியூன் தாண்டி நாற்பது கிலோமீட்டர்.
கோதுமை. வேலி. செத்த கங்காரு.
மறுபடி கோதுமை.
யுரேனஸில் இறங்கினோம், ஈ மொய்த்தது.
பாவம், இந்த இரண்டுக்கும் கிழமை கிடையாது;
வாரம் பங்குவைத்த அன்று
யார் கண்ணிலும் படவில்லை.

நூற்றுப்பத்தில் போய்க்கொண்டே கணக்குப் போட்டேன்.
இந்த அளவில் நாம்
ஒளியைப் போல் ஏறத்தாழ நாலு மடங்கு.
"அப்போ ஒளி?"
"மணிக்கு இருபத்தெட்டு. சைக்கிள்."

சொல்லி வாய் மூடவில்லை,
எதிரே ஒருவர், நிஜமாகவே சைக்கிளில்,
முதுகு வளைத்து, தண்ணீர்ப் புட்டி தொங்க.
விடியலில் சூரியனை விட்டிருப்பார்.
டப்போ போய்ச் சேர மதியம் தாண்டும்.
கெங்காதரி கையசைத்தாள். அவரும்.

சனிக்கு வளையம் இருந்தது,
வளையத்தில் ஒரு துப்பாக்கித் துளையும்.
"எங்கள் வீட்டில் ஏழரை என்றது இதையா?"
ராசிக்கு இரண்டரை ஆண்டு, மூன்றுக்கு ஏழரை;
கணக்கில் பிழையில்லை.
நம்மைத் தேடித்தான் வருகிறதென்று
நினைத்ததுதான் பிசகு.

வியாழனுக்கு அப்பால் மலையேற்றம்.
செவ்வாயைப் பார்த்தோம்.
கியர் மாற்றும்போது பூமியைத் தவறவிட்டேன்.
திரும்பலாமென்றால்
பின்னால் ஒரு கேரவன் ஹாரன் அடிக்கிறது.
வெள்ளி, புதன், வாகன நிறுத்துமிடம்.

இரண்டு வருடமாக நாங்கள்
கோள்களைச் சொல்லவில்லை,
கோள் சொல்லியிருக்கிறோம்.

இரவு கூனபாரபிரான் மோட்டலில்
கெங்காதரி எல்லாப் படத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு
புதுத்தாளின் இடது ஓரத்தில்
ஒரு முற்றுப்புள்ளி வைத்தாள்.
"சூரியன்."
மூன்று விரற்கடை தள்ளி, பூமி;
அவளிடம் உள்ள எந்தப் பேனாவுக்கும் அது தடிமன்.
பிறகு தாள் தாளாக அடுக்கி
ஸ்கேலை நகர்த்திக்கொண்டே போனாள்.
கட்டிலைத் தாண்டி, பெட்டியைத் தாண்டி,
குளியலறைக் கதவருகே
பதினைந்தாம் பக்கத்தில் புளூட்டோ.

பதிப்பாளரை அழைத்தேன்.
"வெற்றுத்தாளுக்கு யார் காசு கொடுப்பது?"

பதினாறு பக்கம் ஒரு ஃபாரம், என்றேன்.
ஒரு பக்கம் மிச்சம்.
விலையை அதில் போடுங்கள்.