கார்பன் தாள்

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள்
காசோலைகளும் சம்பளப் பட்டியலும் அடித்தாக வேண்டும்.
ஹாமில்ட்டனில் பனி, ஆலைப்புகை தின்று
சாம்பலாக விழும்.
என் நாற்காலிக்கு நேர்கீழே ஆட்டக்களம்;
சறுக்குக்கத்தி பனிக்கட்டியைக் கீறினால்
எனக்குப் பல் கூசும்.

தடுப்பாட்டத்தில் இருவர் ஒரு ஜோடி.
டுவைட் கார்மடி, எண்பத்தெட்டாயிரம் டாலர்.
கிஸ்லேன் வையான்கூர், ஐம்பத்து நாலு.

ஆட்டம் எனக்குத் தெரியாது.
ஆனால் ஆட்டக் கணக்கும் நான்தான் அடிக்கிறேன்:
களத்தில் நின்ற நிமிடம், உடம்பால் மறித்த அடி,
எதிலும் வையான்கூர் ஒரு பிடி கூட.
அடுத்த தாளில் பயிற்சியாளர் குறிப்பு,
மூன்று வருடமாக அதே வாக்கியம்:
'கியூபெக் பையன். அழகாகச் சறுக்குவான்.
தடுப்பில் நம்ப முடியாது.'
இரண்டு தாளுக்கும் நடுவே ஒரு ஸ்டேப்பிள் ஊசி.
யாரும் புரட்டுவதில்லை.

காசோலை வாங்க வந்தவன்
முன்பல் இரண்டு போன வாயால்
தேடித்தேடி எடுத்த ஆங்கிலத்தில் கேட்டான்:
"கார்மடிக்கும் இதேதானே?"

சொன்னால் வேலை போகும்.
நியமன உத்தரவில் ஏழாவது வரி.
ஒரிசியாவை ஐரிஸ் என்று சுருக்கியவர்களுக்கு
என்னைச் சுருட்டி எறிய எவ்வளவு நேரம்?

இயந்திரத்திலிருந்து கார்பனை உருவி
மேசை ஓரத்தில் வைத்துவிட்டு
காபி ஊற்றப் போனேன்.

திரும்பி வந்தபோது
ஜன்னல் வெளிச்சத்தில் அதைப் பிடித்தபடி நின்றான்.
இடம் வலமாக, வலம் இடமாக
பெயர்களெல்லாம் புரண்டு கிடந்தன.
எட்டு மட்டும் எந்தப் பக்கம் பார்த்தாலும் எட்டு.
சுழியும் அப்படியே.

விரல் கறுத்தது. கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.
ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு
கார்மடி கோட்டைவிட்ட ஒரு அடிக்குக் குறுக்கே விழுந்து
முழங்காலுக்குக் கீழே வாங்கினான்.
ஒலிபெருக்கி அவன் பெயரைக் கடித்துத் துப்பியது.
கார்மடிதான் தூக்கி நிறுத்தினான்.
'உன்னுது', 'என்னுது' என்று களத்தில் கத்த
அவனிடம் கற்ற பிரெஞ்சு
கார்மடிக்குப் போதுமானதாக இருந்தது.

மார்ச்சில் விற்றார்கள்.
காரணக் கட்டத்தில் நான் அடித்தது:
'கூடுதலாகக் கேட்கிறான்.
உடைமாற்றும் அறையில் மொழிச் சிக்கல்.'

மூன்று பிரதி.
'மொழி' வந்த இடத்தில்
விசை கொஞ்சம் ஓங்கி விழுந்துவிட்டது.
மூன்றிலும் ஓட்டை.
அப்படியே கோப்பில் வைத்தேன்.