எண்பத்தேழில் ஒன்று

பகலில் துருவுக்கு நான் பகையாளி.
ப்ராக்டர் யார்டில், மைனஸ் இருபதில்,
தாதுப் பெட்டிகளின் ஓரமாய்
சுத்தியலால் தட்டித் தட்டி நடப்பேன்.
நல்ல இரும்பு மணியடிக்கும்.
கெட்டது இருமும்.
இருமியதற்குச் சிவப்பு அட்டை.

இரவில் அதே துருவை
மூன்று முடி மிஞ்சிய தூரிகையால்
வளர்க்கிறேன்.
வீட்டின் நிலவறையில்,
துணி துவைக்கும் இயந்திரத்துக்கும்
கொதிகலனுக்கும் நடுவே,
பதினான்கு அடி மினசோட்டா.

மலை என்பது பசையில் நனைத்த செய்தித்தாள்,
மேலே பிளாஸ்டர், அதன்மேல் காபிச் சக்கை.
பிர்ச் மரம் என்பது
அக்டோபரில் வேலியோரம் பறித்த களைச்செடி;
வெள்ளையடித்துக் கறுப்பில் நாலு கீறல்.
முன்னூற்றுப் பன்னிரண்டு மரங்கள்.
எண்ணாமலே இருந்திருக்கலாம்.
சமையல் சோடாவில் பனி போடாதே,
மஞ்சளாகிவிடும் என்றார்கள்.
ஆகிவிட்டது.
மார்ச் மாதத்தில் எங்கள் தெருப் பனியும்
அப்படித்தான் கிடக்கிறது.

ஒருமுறை அசலைக் கொண்டுவந்தேன்.
கப்பலுக்குப் போகிற தாது உருண்டை ஒன்று,
பட்டாணி அளவு, சட்டைப்பையில்.
பாதையோரம் வைத்தேன்.
கொடி பிடித்து நிற்கும் என் இரண்டு சென்டிமீட்டர் மனிதனுக்கு
இடுப்புயரப் பாறை.
அசல் துருவையும் ஓர் உறையில் சுரண்டி வந்தேன்.
பூசினால் சொறிபோல் நின்றது.
கடைசியில் பெட்டிகளை நிரப்பியது
சாயத்தில் புரட்டிய கசகசா.
அதுவும் பெரிதுதான்,
ஆனால் கண் மன்னிக்கிறது.
எந்த நிறத்திலும் ஒரு சொட்டு வெளுப்பு கலக்கிறேன்,
எனக்கும் அந்த ஊருக்கும் நடுவே
இருந்திருக்க வேண்டிய காற்றுக்காக.

ஜம்பர் கேபிளைத் திருப்பித் தர வந்த ரோண்டா பிரெபிச்
ஈர பூட்ஸோடு படியிறங்கினாள்.
வருகிறவர்கள் எல்லாரும்
மேலிருந்துதான் பார்ப்பார்கள், கடவுள் மாதிரி;
அடேயப்பா என்பார்கள்; பீர் கேட்பார்கள்.
அவள் மண்டியிட்டாள்.
ஒரு கண்ணை மூடி,
தண்டவாள மட்டத்துக்குக் கன்னத்தைத் தாழ்த்தினாள்.
கொதிகலன் இருமுறை எரிந்து அணைந்தது.

"ஆயிரத்து நூற்று அறுபத்தெட்டு.
இதன் ஏணியில் இரண்டாம் படி
நேராக இருக்கிறதே?"

வரைபடத்தில் அப்படித்தான் என்றேன்.

"வரைபடத்துக்கு அப்புறம்தான் நான் வேலைக்கு வந்தேன்.
தொண்ணூற்றெட்டு ஜனவரி.
பனிக்கட்டியில் கால் வழுக்கிற்று.
வண்டி நகர்ந்துகொண்டிருந்தது.
என் மொத்த எடையும் அந்தப் படியில்.
வளைந்தது,
விடவில்லை."

பிறகு மரங்கள் நன்றாயிருக்கின்றன என்றாள்,
கேட்டுவிட்டோமே என்பதற்காகச் சொல்வதுபோல.

அவள் போனதும் இடுக்கியை எடுத்தேன்.
தலைமுடித் தடிமனில் பித்தளைக் கம்பி.
முதலாவது ஒடிந்தது.
இரண்டாவது எங்கோ தெறித்தது;
தரையில் டார்ச்சோடு தவழ்ந்தும் கிடைக்கவில்லை.
மூன்றாவது,
ஒரு பெண்ணின் எடையில் வளைவதுபோல்
மெல்ல வளைந்தது.

வியாழக்கிழமை, யார்டில்,
நாற்பதாவதோ நாற்பத்தொன்றாவதோ பெட்டியாக
அதே எண் வந்து நின்றது.
தட்டினேன்.
இருமியது.
இன்னொரு முறை, வேறிடத்தில் தட்டினேன்.
இருமியது.
ஏணியைப் பார்த்தேன்.
வளைந்த படி இருந்தது,
பிரேக் சக்கரம் உள்ள முனையில்.
நான் வளைத்தது மறுமுனையில்.

அட்டையை மாட்டினேன். விரல் மரத்துப்போய்
கம்பியை முறுக்க வெகுநேரம் ஆயிற்று.

அன்றிரவு பிரேக் முனையிலும் ஒரு படியை வளைத்தேன்.
பழைய தவறை நிமிர்த்தவில்லை.
அந்தப் படியில் வழுக்கியது யார்,
பிடித்துக்கொண்டாரா என்று
இனிமேல்தான் யோசிக்க வேண்டும்.