பல்லாரி வைப்பவள்

காலி குளுக்கோஸ் பாட்டில்களின் வாயில்
பல்லாரியை உட்கார வைப்பது என் வேலை.
அடி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் இருக்கணும்.
முங்கினால் அழுகல்,
எட்டாவிட்டால் சருகு.
மூன்றாம் நாள் வெள்ளை நூலாக இறங்கும் வேர்.

எட்டரைக்குள் நுனி வெட்டியாக வேண்டும்.
அந்த நேரத்தில்தான் அதுகள் பிரியுமாம்.
பிந்தி வெட்டினால்
எல்லா அறையிலும் ஒரே உருண்டை,
அடைத்துப் போட்ட தெரு மாதிரி.

ஆரியங்காவு ஜிஜிமோளுக்கு
எட்டரை மணி என்பது
புளியரை செக்போஸ்ட்.
கார்த்திகை மாசம்.
மாலை போட்டவர்களின் வேன்கள்,
தார்ப்பாய் அவிழ்த்துக் காட்டும் லாரிகள்,
எல்லாவற்றுக்கும் பின்னால் அவள் பஸ்.
பத்தேகாலுக்கு ஓடி வந்து வெட்டுவாள்.
கார்மைன் ஒரு சொட்டு,
விளக்கில் மூன்று தரம் காட்டல்,
பென்சில் பின்பக்கத்தால் தட்டல்,
கவர் ஸ்லிப் நகராமல் கட்டை விரல் அழுத்தம்.
கையெல்லாம் சுத்தம்தான்.
"பிரிதல் காணப்படவில்லை"
என்று எழுதினாள், மூன்று வாரமும்.

மற்ற பதினெட்டு ரெக்கார்டிலும்
குரோமோசோம்கள்
புத்தகத்தில் வளைந்த அதே வளைவில் வளைந்திருந்தன.
சங்கரகோமதி மேடம்
பதினெட்டுக்கும் மளமளவென்று ஒன்பது போட்டார்.
இவள் பக்கத்தில்
பேனாவை மூடாமல் ரொம்ப நேரம் இருந்தார்.
கடைசியில் நாலு.
"ஓய்வு நிலைன்னு எழுதியிருக்கே, அதை மட்டும் அடி.
அது ஓயலை.
இருக்கிறதையெல்லாம் ரெண்டாக்கிக்கிட்டு இருக்கு."

வெள்ளிக்கிழமை வெளிவேலை.
எலக்ட்ரிக் பைப்பில் நான் ஒட்டிய சதுரம்,
மீட்டருக்கு மீட்டர்.
கண்ணை மூடிக்கிட்டு எறி என்றார் மேடம்.
ஜிஜிமோள் எறிந்தது
எல்லைக் கல்லில் 'ணங்'கென்று பட்டு
கல்லை நடுவில் வைத்து விழுந்தது.

கம்யூனிஸ்ட் பச்சை ஏழு.
காங்கிரஸ் புல் நாலு.
(சிரித்தவர்களுக்குத் திட்டு.)
தொட்டாற்சுருங்கி என்றான் இசக்கித்துரை.
தொட்டாவாடி என்றாள் அவள்.
பேர் முடிவாவதற்குள்
அது இலையை மூடிக்கொண்டது.
மூன்றாவது பேர் ஒன்று உண்டு,
இரண்டு சொல்,
தனித்தனியாக அடிக்கோடு.
கோடு ஒட்டிக்கொண்டால் அரை மார்க் போச்சு.

வேர் உள்ளே இருந்தால் எண்ணு,
தலையை மட்டும் நீட்டினால் விடு.
ஒரு தும்பையின் மண்ணை விரலால் விலக்கி
அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
அதற்குள் சாரல் வந்துவிட்டது.

அடுத்த திங்கள் எட்டு மணிக்கு,
யாரும் சொல்லவில்லை,
ஐந்து வேர் வெட்டி
அசிட்டிக் ஆல்கஹாலில் போட்டேன்.
அதில் விழுந்தது
விழுந்த நொடியிலேயே நின்றுவிடும்.
மூடியில் 'ஜி' என்று எழுதி
சிங்குக்குப் பின்னால் மறைத்து வைத்தேன்.

பத்து இருபதுக்கு வந்தாள்.
"இது எப்ப வெட்டினது சேச்சி?"
"எட்டு."
"யாரு?"
"யாரா இருந்தா என்ன, அமுக்கு."

அவளுக்கு அன்றைக்குத் தெரிந்தது.
எண்ணினாள், மறுபடி எண்ணினாள்,
பதினொன்று வரைந்தாள்.
வெங்காயத்துக்குப் பதினாறு என்றார் மேடம்.
"இருக்கும் மேடம்.
எனக்குப் பதினொண்ணுதான் கண்டது.
பாக்கி ஒண்ணு மேல ஒண்ணு கிடக்குது."

மேடம் ரெக்கார்டைத் திருப்பி
என் பக்கம் தள்ளினார்.
படத்துக்கு மேலே முதல் வரி:
வேர்நுனி வெட்டிய நேரம் காலை 8.00.
வெட்டியவர் சண்முகக்கனி,
ஆய்வக உதவியாளர்.

பத்தொன்பது வருஷமாகப் பல்லாரி வைக்கிறேன்.
எல்லோரும் போனபிறகு அன்றுதான் குனிந்தேன்.
முதலில் என் இமைமயிர்தான் தெரிந்தது.
பிறகு சிவப்பாக, கசங்கின நூல்துண்டுகள்,
இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்.
நடுவில் ஒரு கோடு
ஓரத்தைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது.
சுவராம்.
கட்டும்போதே துளை விட்டுத்தான் கட்டுமாம்,
மேடம் எப்போதோ சொன்னது.
எட்டு மணிக்கு நின்றது, நின்றபடி.

ஸ்லைடைக் கழுவவில்லை.
வேர் வெட்டின பல்லாரி நாலைப் பையில் போட்டேன்.
ராத்திரி ஆம்லெட்டுக்கு ஆச்சு.