கீல்

புன்டா அரேனாஸ் மருத்துவமனையின் நிலவறைக்குச்
சன்னல் கிடையாது.
ஆனாலும் காற்று வருகிறது,
நீரிணையை நக்கிவிட்டு, லிஃப்ட் குழி வழியாக.
கதவுப்பிடியைத் தடவிய விரலை நாக்கில் வைத்தால்
கரிக்கும்.

அறுவை முடிந்த தட்டுகள் இங்கேதான் இறங்கும்.
இடுக்கிகள், கத்திரிகள், விலாவை விரிக்கும் கொக்கிகள்.
யாருடைய வயிறு, யாருடைய முழங்கால்,
சீட்டில் எண் மட்டும்.
ரத்தமும் உப்புத்தான்.
காயவிட்டால் எஃகைத் தின்னத் தொடங்கும்.

முதலில் இளஞ்சூட்டு நீர்.
கொதிநீர் கூடாது, ரத்தம் முட்டை வெள்ளைபோல் வெந்து
பல்லிடுக்கில் பிடித்துக்கொள்ளும்.
புளிப்பும் காரமும் இல்லாத சோப்பு.
நைலான் தூரிகை.
கம்பி நாரை எடுத்தால் ஒடிலியா பிடுங்கி எறிவாள்:
அதன் துணுக்கு ஒட்டிக்கொண்டு
தானும் துருப்பிடித்து
இடம் கொடுத்ததையும் கெடுக்கும்.
ப்ளீச் தரைக்கு மட்டும்.
கடைசியில் உப்பே இல்லாத நீர்,
ருசி பார்த்திருக்கிறேன்,
ஒன்றுமே இல்லை அதில்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

பத்தொன்பது வருடம் ஆம்புலன்ஸில் இருந்தேன்.
முதுகு போனதும் கீழே அனுப்பினார்கள்.
ஆம்புலன்ஸில் எதற்கும் முதலில் கை போவது
உப்புநீர்ப் பைக்கு.
கண்ணில் தூசியா, உப்புநீர்.
கிழிந்த தொடையா, உப்புநீர்.
நண்டுக்கூண்டின் கயிறு அறுத்த விரலா,
உப்புநீரில் நனைத்த துணியில் சுற்று, சைரனைப் போடு.
உடம்பு அதைத் தன் வீட்டு ஆள் என்றே எண்ணும்.

அந்தச் சனிக்கிழமை இரவு
மூன்று தட்டுகள் சேர்ந்தாற்போல் வந்தன.
ரத்தம் காயாதிருக்கட்டும் என்று
ஒரு தட்டின்மேல் இரண்டு பையைப் பிழிந்து ஊற்றி
ஈரத்துணியும் போர்த்தினேன்,
காய்ச்சல்காரனுக்குப் போர்த்துவதுபோல.
வேலை முடிந்தது. வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

திங்கள் விடியலில்
ஒடிலியா பாரியா பூதக்கண்ணாடி விளக்கின் கீழ்
ஒரு கத்திரியைத் திறந்து வைத்திருந்தாள்.
கீலில் ஒரு புள்ளி.
கடுகைவிடச் சின்னது, பழுப்பு.
எலுமிச்சை அமிலத்தில் ஊறவைத்துத் துடைத்தாள்.
கறை போயிற்று.
குழி போகவில்லை.
குழிக்குள் எது குடியிருக்கும் என்று
யாராலும் சொல்ல முடியாது, ஆகவே
அது இனி மனித உடம்புக்குள் போகாது.

பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.
இரவுமுறைக்காரர் மூவர்.
நான் பேனாவை எடுத்து
யெ. வு. என்று எழுதினேன்.
யெர்கோ வுகசோவிச்.
அவள் படித்துவிட்டு மூடினாள்.

அந்தக் கத்திரி இல்லாமல் தட்டு முழுமையாகாது.
மாற்றுத் தட்டு வெந்து ஆற
மூன்று மணி நேரம்.
மேலே மருத்துவர் மன்சில்யா தொலைபேசியில் கத்தினார்.
யார் காத்திருக்கிறார் என்று பார்க்க ஏறிப்போனேன்.
நண்டு பிடிப்பவர், பட்டினி வயிறு,
உப்பில் வெடித்த கைகள்.
தாமதம் என்னால் என்றேன்.
உப்பு என்றேன்.

அவர் சிரித்துவிட்டார், வலியோடே.
“என் படகின் அடியில்
துத்தநாகக் கட்டி கட்டியிருக்கிறேன்.
கடலுக்கு எதையாவது தின்னக் கொடுத்தால்தான்
மற்றதை விடும்.
நீங்கள் எதைக் கொடுத்தீர்கள்?”

“ஒரு கத்திரி.”

“மலிவு,” என்றார்.

எஃகுக்கும் ஒரு தோல் உண்டாம்.
கண்ணுக்குப் படாத மெல்லிய தோல்.
கீறினாலும், சுத்தமாகவும் ஈரமில்லாமலும் விட்டால்
காற்றை எடுத்துத் தானே தைத்துக்கொள்ளும்.
இதை ஒடிலியா
சாண்ட்விச் தின்றுகொண்டே சொன்னாள்,
என்னைப் பார்க்காமல்.

அந்தக் கத்திரி இப்போது பொதி கட்டும் மேசையில்
நாடா வெட்டுகிறது.
அதையும் நான் கழுவுகிறேன்.
வேலை முடியும் முன்
வரிசையாக எல்லாவற்றையும் திறந்து வைக்கிறேன்,
ஒன்றுகூட வாய் மூடியிருக்கக் கூடாது,
கீல் உலரும்வரை.