ஒரு கிலோ உப்பு

"வீக்கமே இல்லை" என்றார்
வேலூர் பிசியோ ஜெபசெல்வி.
மூன்று மாதமாய் ஐஸ் வைத்தேன், தைலம் தேய்த்தேன்,
இல்லாத நெருப்பை அணைக்க.

முழங்கையில் தசைநாணாம்.
இழைகள் வரிசை தப்பிக் கிடக்கின்றன,
பாபினில் சிக்கிய நூல்போல.
அது எனக்குப் புரியும்.
ஆம்பூரில் ஒன்பது வருடமாய் ஷூவுக்கு அப்பர் தைக்கிறேன்.
நாண் என்றால்
இழுத்துக்கொண்டே இருக்கலாம் என்று
லைன் லீடருக்கு நினைப்பு.

"லீவு போடட்டுமா?"
"சும்மா கிடந்தால் இன்னும் தளரும்.
கனம் கொடுங்கள். மெதுவாக."

மேசை விளிம்பில் மணிக்கட்டு,
கையில் உப்புப் பாக்கெட்.
இடக்கை தூக்கிவிடும்,
வலக்கை இறக்க வேண்டும்,
காட்பாடி பாலத்தில் சாயங்கால பஸ்போல.
பதினைந்து முறை.
கொஞ்சம் வலிக்கலாம்,
மறுநாளும் வலித்தால் அதிகம்.

மெதுவாக என்று
இதுவரை யாரும் என் கையிடம் சொன்னதில்லை.

ஏழாம் வாரம் டம்ளர் நழுவவில்லை.
எட்டாம் வாரம் ஓவர்டைம்.
நழுவியது.

பத்தாம் வாரம் வீட்டில் உப்புத் தீர்ந்து
என் பாக்கெட்டைக் கிழித்து
ஜாடியில் பாதி கொட்டிவிட்டார் குப்புராஜ்.
திட்டிவிட்டு, குழம்பு சாப்பிட்டுவிட்டு,
வாயை ரப்பர் பேண்டால் கட்டி
மேசைமுன் உட்கார்ந்தேன்.
அரைக் கிலோதான் இருக்கும்.
ஒன்று,
இரண்டு,